பாத்தி கட்டாத முருங்கை

இந்த மலாய் நாட்டில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. காலையில் காயப்போட்ட சேலையை மத்தியானம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவதும், மூன்று மணிக்கு வெயில் வந்ததும் திரும்ப வெளியே விரிப்பதுமாக எனக்கு இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் நான் விடிந்து எழுந்து செடிகளிடம் போய் நின்றால், என் வலது கால் என்னைக் கேட்காமலே மண்ணை இழுத்து இழுத்து, செடியைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டிவிடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போய்விடக் கூடாது என்பதுபோல வரப்பைக் குதிகாலால் மிதித்து இறுக்குகிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும், மறுபடியும் கட்டியிருக்கிறேன் என்று. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரெயில்வே லைனுக்குக் காய்கறிக் கூடை சுமந்து வரும் சீனக் கிழவி ஒருத்தி இருந்தாள். ஒருநாள் என் முருங்கையின் அடியில் இருந்த பாத்தியைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், தலையில் இருந்த ஓலைத் தொப்பி ஆடும்படி சிரித்தாள். மரம் நன்றாக இருக்கிறது என்று மெச்சுகிறாள் போலும் என்று நினைத்து நான் ஒரு பிடி கீரை ஒடித்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தாள். அவள் எதற்குச் சிரித்தாள் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. அது புரிந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறச் சொன்னால்கூட இலைகளைப் பார்த்துக்கொண்டேதான் பரிமாறுவேன், முகங்களைப் பார்க்க மாட்டேன். படிப்பும் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பென்சிலும் காகிதமும் கையில் கிடைத்தால் எனக்குக் கூச்சம் குறைந்துவிடும். ஊரில் இருக்கிறவர்களும், என்னைப்போலக் கப்பலேறி வந்து இனி எங்கே போவது என்று திகைத்து நிற்கிறவர்களும் இதைப் படித்தால், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் ரெயில் பாதையில் வேலை செய்தார். நானும் வந்த நாளிலிருந்து பாதைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தேன். எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. போன வருஷம் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். லைன் வீடு வேலை செய்கிறவர்களுக்கு உரியது; ஆள் இல்லாத வீட்டில் அவன் பெண்டாட்டி எத்தனை நாள் இருக்க முடியும்? வேலைகளும் குறைந்துபோன காலம். கங்காணி வந்து வாசலில் நின்று, ஒரு மாதத்துக்குள் வீட்டை விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனுஷன் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அதே வாரம் ஊரிலிருந்து என் கொழுந்தனாரின் கடிதம் வந்தது. ‘அண்ணன் போன பிறகு உனக்கு அங்கே என்ன இருக்கிறது? அடுத்த மாதக் கப்பலில் வந்துவிடு. எப்படியாவது ஒரு மூலையில் கிடக்கலாம். உடனே பதில் எழுது’ என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ‘மூலை’ என்ற வார்த்தையை மட்டும் நான் மூன்று நாள் மென்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர் புதுக்கோட்டைக்குத் தெற்கே. அரிசி களைந்த தண்ணீரும் முகம் கழுவிய தண்ணீரும் வீணாகாமல் ஒரு கத்தரிச் செடிக்குப் போகிற ஊர். அங்கே மூலை என்றால் எது என்று எனக்குத் தெரியும். மாட்டுக் கொட்டிலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே, உலக்கை சாத்தி வைக்கிற இடம்.

எனக்கு இந்த ஊரில் இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி அஞ்சலை, என்னோடு மண் சுமந்தவள், அவளும் கைம்பெண், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். மூன்று கதவு தள்ளி இருந்த அவளையும் இதேபோல் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். இன்னொருவர் பொன்னம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், ரெயில்வேயில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்தவரின் மனைவி. இப்போது மகனோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறார். நாங்கள் அவரைக் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவோம். கூலி லைன்காரிகளுக்கும் கிராணி வீட்டு அம்மாவுக்கும் எப்படி ஒட்டியது என்று கேட்பீர்கள். முன்னொரு வருஷம் ஆறு பெருகி லைனுக்குள் வந்தபோது, பெண்டு பிள்ளைகளையெல்லாம் தண்டவாளத்தில் நின்ற கூட்ஸ் வண்டிகளில் ஏற்றினார்கள். எங்கள் மூவருக்கும் ஒரே பெட்டி வாய்த்தது. இரண்டு நாள் அதிலேயே கல்லை வைத்துச் சமைத்தோம். முதல் நாள் அவர் தனியாகச் சமைத்தார். இரண்டாம் நாள் விறகு ஒருவேளைக்குத்தான் இருந்தது, பானை ஒன்றாயிற்று. அதிலிருந்து பிரியவில்லை.

காப்பார்ப் பேச்சை எடுத்தவள் அஞ்சலை. அவளுடைய தங்கை மகன் கோவிந்தன், காப்பாருக்கு அந்தப்புறம் கடலோரத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு மலாய்க்காரப் பெரியவர், தம் தென்னைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாராம். மரத்தைப் பார்த்துக்கொண்டால் குடிசை போட்டுக்கொள்ளலாம், நடுவில் காய்கறி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

“நீ வந்தா நானும் போறேங்க்கா” என்றாள் அஞ்சலை. “நீ கப்பலேறிட்டா நான் மட்டும் அங்க போயி என்ன பண்ண? முதலைக்கு உக்காந்து கதை சொல்லவா?”

அவள் முதலை என்று சொன்னது சும்மா இல்லை. லைனில் யாரைக் கேட்டாலும் காப்பார்ப் பக்கம் என்றதும் முகத்தைச் சுளித்தார்கள். இடுப்பளவு சேறு, கடிக்கிற கொசுவெல்லாம் காய்ச்சல் கொசு, குடிக்க வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர், ஓடையில் முதலை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் அங்கே போனவர்கள் இல்லை. கிராணியம்மாவிடம் சொன்னபோது அவர் வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, “உந்தக் காப்பாருக்கோ? அங்க மனிசர் இருக்கினமோ?” என்று கேட்டார். பிறகு தட்டத்தைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டு, “எப்ப போறியள்? பறுவம் கழிஞ்சு மற்ற நாள் எண்டா நானும் வருவன். பறுவத்தில எனக்கு விரதம்” என்றார். பறுவம் என்பது அவர்கள் பேச்சில் பௌர்ணமி. அவருடைய விரதத்துக்காக நாங்கள் பௌர்ணமிக்கு மறுநாளைக் குறித்தோம். அந்த நாளில் போனதால்தான் நடந்ததெல்லாம் நடந்தது.

நான் மனதுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. லைன் வீட்டின் பின்னால் என் வீட்டுக்காரர் வைத்த முருங்கையில் கைப்பருமனில் ஒரு கிளை வெட்டி, அடியில் சாணி அப்பி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அந்த மண்ணில் முருங்கை பிடிக்குமென்று என் கைக்குத் தோன்றினால் இருப்பேன். இல்லாவிட்டால் கொழுந்தனாருக்கு வருகிறேன் என்று எழுதிவிடுவேன். முருங்கை பிடிக்காத மண்ணில் நான் பிழைக்க மாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது என்று பயந்து, பித்தளைக் குடம் இரண்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, அஞ்சலை இடுப்பில் ஒன்றும் என் இடுப்பில் ஒன்றுமாகச் சுமந்தோம். கிராணியம்மா குடை, விசிறி, கொசுக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை டப்பாவோடு வந்தார். கிள்ளானில் ரெயிலை விட்டு இறங்கி மோட்டார் பஸ்ஸில் ஏறும்போது டிக்கெட் கிழிக்கிற ஆள் எங்கள் குடங்களையும் சாக்கில் சுற்றிய கிளையையும் பார்த்தான்.

“எங்க ஆத்தா, மூணு பேரும் கொடமும் கொப்புமா? காப்பார்ல கல்யாணமா?”

“ஆமாம்ப்பா” என்றாள் அஞ்சலை. “மாப்பிள்ளை முதலை. நீயும் வந்து தாலி எடுத்துக் குடு.”

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குத்தான் குடத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. கிராணியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

கோவிந்தன் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் நாங்கள் ஒரு மண்கரை மேல் ஒற்றை வரிசையில் நடந்தோம். சேற்றுக்காக நான் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தேன். கரை காய்ந்து, சாணி மெழுகிய தரைபோலக் கெட்டியாக இருந்தது. இரண்டு பக்கமும் நூல் பிடித்து வெட்டிய மாதிரி வடிகால்கள். மலாய்க்காரர்கள் அதைப் பாரிட் என்கிறார்கள். அதற்கப்பால் கண்ணுக்கு எட்டும்வரை தென்னை. கடல் எங்கே என்று தெரியவில்லை, ஆனால் காற்று மட்டும் யாரோ பெரிய கதவைத் திறந்து வைத்ததுபோல வந்துகொண்டே இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்கு மண் வெட்டிய குட்டைகளின் நடுவில் இத்தனை வருஷம் இருந்த எனக்கு, காற்று என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. கிராணியம்மா கொயினா டப்பாவைக் கையில் பிடித்தபடியே கொசுவுக்காகக் காத்திருந்தார். பாதி வழியில் அதை மடியில் செருகிவிட்டு, “எங்கட குட்டையில இருக்கிறதில கால்வாசியும் இஞ்ச இல்லை” என்றார்.

பெரியவரின் வீடு கால்களின் மேல் நின்ற மலாய் வீடு. அவர் எங்களைவிட மூத்தவர். ஒடிசலான உடம்பு, முழங்கால்வரை மடித்த சாரம். அவருடைய மனைவி வாசல் ஜாடியிலிருந்து சிரட்டை அகப்பையில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் இடுப்பிலிருந்த குடத்தைத் தொட்டுக் காட்டி, எங்களிடம் இருக்கிறது, வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மாள் முகம் சுருங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீரை மறுத்தால் எந்த ஊரிலும் அப்படித்தான் சுருங்கும். எனக்கு அது உடனே உறைத்தது. ஆனால் கோவிந்தன் பெரியவரோடு முன்னே நடந்துவிட்டான்; சொல்லிச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த மலாய் பாசாரில் மீனும் வெங்காயமும் வாங்குகிற மலாய்தான்.

கோவிந்தன் நிலத்தைக் காட்டிவிட்டு, சாயங்காலம் வந்து பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டான். மொழி மாற்றிச் சொல்ல ஆள் இல்லாமல் நாங்கள் மூவரும் அந்தப் பெரியவரும் மட்டும் நின்றோம்.

நிலம் எனக்குப் புதுமாதிரியாக இருந்தது. தென்னை வரிசைகளுக்கு நடுவே மண்ணை மேடு மேடாக அணைத்து வைத்திருந்தார்கள். மேடுகளுக்கு இடையே சிறு ஓடைகள், அவை பெரிய பாரிட்டில் போய்ச் சேர்ந்தன. ஓடைத் தண்ணீர் பால் விடாத காப்பி நிறத்தில் இருந்தது. கிராணியம்மா கரையில் குந்தி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “எங்கட ஊரில பொம்பிளை பாக்கப் போனாலும் முதல் கிணத்துத் தண்ணியைத்தான் வாயில விட்டுப் பாப்பினம்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். “நிறம்தான் இப்பிடி. உவர் இல்லை.” நானும் தொட்டு வைத்தேன். இனிப்பாக இல்லை, ஆனால் உப்பு துளியும் இல்லை.

அப்புறம் என்ன? ஓடைக்குப் பக்கத்தில், தாழ்வான, மெத்தென்ற ஈர மண் பார்த்து, கிளையை நட்டேன். வலது கால் வட்டம் போட்டது. அகலமாக, அழகாகப் பாத்தி கட்டி, குடத்து வாயை அவிழ்த்து ஒரு கை தண்ணீரும் விட்டேன். நிமிர்ந்தால் பெரியவர் பின்னால் நிற்கிறார். “தா போலே” என்றார். கூடாது என்பது புரிந்தது. கிளையைப் பிடுங்கினார். மேட்டின் மேல் கொண்டுபோய் நட்டார். நட்டுவிட்டு ஓடையைக் காட்டி, “ஆயர் மாசின்” என்றார். பாசாரில் உப்புக் கருவாடு வாங்குகிறவளுக்கு மாசின் என்றால் உப்பு என்று தெரியாதா? உப்புத் தண்ணீர் என்கிறார். என் நாக்கு இல்லை என்கிறது, கிராணியம்மாவின் நாக்கும் இல்லை என்கிறது. நாம் தண்ணீரை மறுத்ததற்காக, இந்த ஆள் பொய் சொல்லி நம்மைத் துரத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“மேட்டு மேல நட்டா தண்ணி எப்படிக்கா நிக்கும்?” என்றாள் அஞ்சலை. “கெழவருக்கு வெவசாயம் தெரியலை.”

மேட்டுக்குப் போனேன், கிளையைப் பிடுங்கினேன், என் பாத்தியில் திரும்ப நட்டேன். அவர் வந்தார், பிடுங்கினார், மேட்டில் நட்டார். நான் திரும்பவும் பிடுங்கினேன். இப்படி நாலு தடவை நடந்தது. பந்தியில் முகம் பார்க்காத நான், முன்பின் தெரியாத ஆண்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசாமல் இப்படி மல்லுக்கு நின்றேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கிராணியம்மா குடைக்கடியில் நின்று, “வள்ளி, நீர் விட்டுக் குடாதையும்” என்று என்னை உசுப்பினார். கடைசியில் பெரியவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். முருங்கை என் பாத்தியில் நின்றது. ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் நாங்கள் தென்னை நிழலில் உட்கார்ந்து கட்டுச் சோறு சாப்பிட்டோம். சாப்பாடு இறங்கவில்லை. நல்ல காற்று, நல்ல மண், ஆனால் ஆள் சரியில்லை. அப்படியானால் கப்பல்தான் என்று மனம் அந்த மூலைப் பக்கம் போய்விட்டது.

நிழல் கிழக்கே நீண்ட நேரம். முதலில் அஞ்சலைதான் பார்த்தாள். “அக்கா, ஓடை பின்னாடி போகுது.” காலையில் கடல் பக்கம் வடிந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது எங்கள் பக்கம் ஏறிவந்தது. சத்தமே இல்லை. ஒரு சாண், ஒரு முழம் என்று ஏறி, ஓடை விளிம்பைத் தொட்டு, வழிந்து, நேரே என் பாத்திக்குள் போயிற்று. நான் ஒரு சொட்டு வெளியே போகாதபடி கட்டிய வரப்பு, உள்ளே வந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. கிளை சாய்ந்து, மிதந்து, சுற்றியது. நான் ஓடிப்போய் அதைத் தூக்கினேன். விரலை நாக்கில் வைத்தேன். கருவாட்டுப் பானையைக் கழுவிய தண்ணீர் மாதிரி உப்பு. பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் உச்சத்துக்கு ஏறும் என்று கடலோரத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கண்மாய்க்கரையில் பிறந்த எனக்கு எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தில் பிறந்த கிராணியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ, பறுவம்! கலியாணம் முடிச்சு இஞ்ச வந்து எனக்கும் கடல் மறந்துபோச்சு.”

பெரியவர் எங்கே என்று பார்த்தேன். பாரிட் கடலைச் சந்திக்கிற இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு மரக்கதவு இருக்கிறது. நல்ல தண்ணீர் வடியும்போது தானாகத் திறக்கும், கடல் ஏறும்போது தானாக மூடும். அதில் ஒரு பலகை இற்றுப்போய் விட்டிருந்தது. அந்த ஓட்டையில் களிமண்ணை அப்பி அப்பி அடைக்கப் பார்க்கிறார். ஒரு கை மண் எடுக்கக் கரைக்கு வந்து அவர் திரும்புவதற்குள் அப்பியதைக் கடல் கரைத்துவிடுகிறது. மனைவி ஒரு சட்டியில் மண் கொண்டு ஓடுகிறாள். இரண்டு கிழங்கள், ஒரு கடல். நாங்கள் வருவதற்கு முன்பே அவருக்கு அந்த வேலை இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் நாலு தடவை என் குச்சியை மேட்டுக்குக் கொண்டுபோனார்.

நான் அஞ்சலையைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ரெயில் பாதைக்கு மண் சுமந்தவர்கள் நாங்கள். மண் ஓடி ஓடிக் கொண்டுபோகிற பொருள் இல்லை. நின்ற இடத்தில் நின்று கைமாற்ற வேண்டும். “சட்டிக்கு எங்க போறது?” என்றாள். நான் பித்தளைக் குடத்தைச் சாய்த்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிந்தாமல் இடுப்பில் சுமந்துவந்த தண்ணீர் கரையில் ஓடிப்போயிற்று. அவளும் கவிழ்த்தாள். கிராணியம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு குடையை மடக்கி வைத்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

“கிராணியம்மா, உங்களுக்கு எதுக்கு இது?”

“கூட்ஸ் வண்டியில விறகு பிளந்தனான்தானே? தாரும் இஞ்ச!”

பெரியவரின் மனைவி மண்வெட்டியால் வெட்டிப் போட, அஞ்சலை குடத்தில் அள்ள, கிராணியம்மா வாங்கி என்னிடம் தர, நான் தண்ணீரில் நின்று பெரியவர் கையில் கொடுத்தேன். காலிக் குடம் ஒரு பக்கமாகப் போகும்போதே நிறைந்த குடம் மறுபக்கமாக வரும். மண் நிற்காமல் போனதால் கரைய நேரமில்லை. “ஏலே ஏலோ” என்று அஞ்சலை பழைய பாதை வேலைப் பாட்டை எடுத்தாள். எங்கள் கங்காணியைத் திட்டிக் கட்டிய பாட்டு அது, இங்கே எழுத முடியாது. பெரியவருக்கு ஒரு சொல் புரியவில்லை, ஆனால் தாளம் பிடித்துக்கொண்டார். ஓட்டை அடைந்தது. மேலே தென்னை மட்டையை வைத்து மிதித்துவிட்டு அவர் கரையேறினார். நாங்கள் நாலு பெண்களும் கழுத்துவரை களிமண்ணாக நின்றோம்.

அந்த அம்மாள் மறுபடியும் அகப்பையில் தண்ணீர் கொண்டுவந்தாள். இந்தத் தடவை நான் முதலில் கை நீட்டினேன். கூரையிலிருந்து ஜாடியில் பிடித்த மழைத் தண்ணீர். அதற்கு ருசி என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் இறங்குகிற இடமெல்லாம் குளிர்ந்தது. கிராணியம்மா மூன்று தடவை வாங்கிக் குடித்தார். மூன்றாவது தடவை அந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

பெரியவர் முருங்கைக் கிளையை எடுத்து, உப்பு போக ஜாடித் தண்ணீரில் அலசி, என்னிடம் கொடுத்தார். மேட்டைக் காட்டவில்லை. எங்கேயும் காட்டவில்லை. கொடுத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நானே மேட்டுக்கு ஏறினேன். நானே குழி பறித்து நட்டேன். நட்டு முடித்ததும் என் வலது கால் மண்ணை இழுக்க நகர்ந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பாத்தி இல்லாமல் ஒரு செடியை விட்டுவருவது, பிள்ளையைப் பாய் போடாமல் வெறும் தரையில் கிடத்துவதுபோல இருந்தது. ஆனாலும் விட்டுவந்தேன்.

எங்களை அழைக்க வந்த கோவிந்தன் எங்கள் கோலத்தைப் பார்த்துப் பயந்துபோனான். “என்ன பெரியம்மா, யாரும் அடிச்சிட்டாங்களா?” என்று கேட்டான். டிக்கெட் கிழிக்கிற ஆளும் அதே ஆள்தான். “கல்யாணம் எப்படி ஆச்சு?” என்றான். அஞ்சலை வாய் திறப்பதற்குள், “நல்லா ஆச்சு” என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ரெயிலில் கிள்ளானிலிருந்து வீடு வரும்வரை அவள் முதலை, கப்பல் எதையும் பற்றிப் பேசவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே கொழுந்தனாருக்குப் பதில் எழுதினேன். தான் நல்ல தமிழில் எழுதித் தருவதாகக் கிராணியம்மா சொன்னார். வேண்டாம், என் எழுத்திலேயே போகட்டும் என்றேன். ‘உங்கள் அன்புக்குக் கும்பிடு. எனக்கென்று வைத்திருக்கும் மூலையில் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொள்ளவும். நான் காப்பாரில் இருக்கிறேன்’ என்று எழுதினேன். நான் இன்னும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தேன், முருங்கை துளிர்த்ததா செத்ததா என்று தெரியவும் தெரியாது. முருங்கை பிடிக்கும் என்றால் இருப்பேன் என்று போட்ட கணக்கு அந்த மண்கரையிலேயே போய்விட்டது. இது பிடிக்காவிட்டால் இன்னொரு கிளை, அதுவும் பிடிக்காவிட்டால் இன்னொன்று. பதினெட்டு நாள் கழித்துக் கோவிந்தன் சொல்லியனுப்பினான்: மூன்று இடத்தில் பச்சை வந்திருக்கிறது, ஒன்றை ஆடு கடித்துவிட்டது.

இப்போது அஞ்சலையும் நானும் ஒரே கூரையில் இருக்கிறோம். கதவு ஓட்டைக்குப் பெரியவர் புதுப் பலகை போட்டுவிட்டார். ஆனாலும் பௌர்ணமி, அமாவாசை தோறும் நாங்கள் குடங்களோடு போய்க் கரையில் காத்து நிற்கிறோம். கிராணியம்மா விரதம் முடிந்த மறுநாள் பஸ் ஏறி வந்துவிடுகிறார். சேறு மிதிக்க வருகிறேன் என்று மகனிடம் சொல்வாராம், அவன் நம்புவதில்லையாம். ஊரிலிருந்து கடிதம் வந்தால் நான் அதை மண்கரை மேல் கொண்டுபோய்த்தான் படிக்கிறேன். கரைக்கு ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் நல்ல தண்ணீர், நடுவே கால் வைக்கிற அகலம்தான். வானம் தெளிந்த நாளில் நாகப்பட்டணம் போகிற கப்பலின் புகை தெரியும். அது மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

கொழுந்தனார் கடைசிக் கடிதத்தில், இந்த வருஷமும் கண்மாய் நிறையவில்லை, வாசல் முருங்கை பட்டுப்போயிற்று என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நான் மேட்டுக்குப் போனேன். என் முருங்கை தலைக்கு மேல் நின்றது. முதல் பூ எடுத்திருந்தது. அப்போதுதான் ஓய்ந்த மழை ஓடைக்குள் வடிந்துகொண்டிருந்தது. நான் பூவைப் பார்த்துக்கொண்டே ஊரை நினைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்தால், வலது கால் முக்கால் வட்டம் பாத்தி கட்டி முடித்திருந்தது. உள்ளே மழைத் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. வானத்தைக் காட்டிச் சிரித்த சீனக் கிழவி ஞாபகத்துக்கு வந்தாள், நானும் சிரித்துக்கொண்டேன். பிறகு இடது காலை நகர்த்தி, ஓடைப் பக்கம் பார்த்து, வரப்பில் தண்ணீர் வடிய ஒரு வாய் திறந்துவிட்டேன்.